மந்திரம் பலித்துவிட்ட இரண்டாம் பாகம்

தண்ணீர் தெளித்த செம்மண்ணின் மணமும், சூடேறிய படக்கருவியின் தூசி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் அன்று சனிக்கிழமை சாயங்காலம் என்று அர்த்தம். தாம்பரத்தில், இரும்புலியூரை ஒட்டி, எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பு இருந்தது. அதற்கு ஒரு மனமகிழ் மன்றம். பெயர்ப் பலகையில் மட்டும்தான் அந்தப் பெயர். எங்கள் பேச்சில் எப்போதும் "கிளப்பு". கிளப்புக்குப் பக்கத்துத் திடலில் இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டுமே அனுமதி என்பது விதி. திடலுக்கு வேலி கிடையாது என்பதால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை "பொம்மைப் படம்". நகரத்திலிருந்த ஒரு வெளிநாட்டுத் திரைப்பட நூலகத்திலிருந்து தகரப் பெட்டியில் வரும். வரைந்த உருவங்கள் ஓடும், விழும், ஓயாமல் பேசும். என்ன மொழியில் பேசுகின்றன என்று குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்லிக்கொண்டே வருவது எங்கள் திடலின் வழக்கம். அந்த ஒருவர் காசிம் அண்ணன்.

மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த யூசுப் பாயின் தம்பி அவர். கடையில் அவர் துணியை மடித்து வைப்பவர்; பேசுவதெல்லாம் அண்ணன்தான். வாடிக்கையாளரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மாரு காசிம்" என்று யூசுப் பாய் கத்தரித்துவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் மைக் வந்ததும் திரையில் இருக்கிற அத்தனை பேரும் தாம்பரத்துக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

அப்படி வந்த படம் ஒன்றில் ஒரு சூனியக்காரக் கிழவி. அவள் போடும் மந்திரம் ஒன்றுகூடச் சரியாகப் பலிக்காது. தவளையை இளவரசனாக்கப் போனால் கிரீடம் வைத்த கத்தரிக்காய் வந்து நிற்கும். ராஜாவின் சளியைக் குணமாக்கப் போய் ராஜாவை ஆடாக்கிவிடுவாள். மந்திரிகள் ஆட்டைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து, வழக்கம்போல் குனிந்து வணங்குவார்கள். காசிம் அண்ணன் அமைச்சர் குரலில், "ஆடானா இன்னாபா? ராஜா ராஜாதான். ஒரு கட்டு தழை எட்தா!" என்றார். உடனே ஆட்டின் குரலில், "யேய் கெய்வி, பக்ரீத்துக்குள்ள என்ன மனுசனாக்கிடு, உனுக்குப் புண்ணியமா போவும்!" என்று கெஞ்சினார். எங்கள் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையக்கா, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்காக முதல்நாளே வந்து தங்கை வீட்டில் தங்குகிறவர், சிரிப்புத் தாங்காமல் மணலில் சாய்ந்தேவிட்டார். ஊர் கேட்டுக்கொண்டதன்பேரில் அதே படத்தை மறுபடியும் வரவழைத்துப் போட்டார்கள்.

அதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறது என்ற செய்தி வந்தபோது, கூடவே ஒரு புகாரும் வந்தது. பிள்ளைகள் வீட்டில் "கெய்வி" என்று பேசுகிறார்களாம். கிளப்பின் செயலாளர் சடகோபன் சார் எதையும் முறைப்படி செய்பவர்; சனிக்கிழமை காலையில் திருநீர்மலை ஏறி இறங்காமல் காப்பிகூடக் குடிக்கமாட்டார். அவர் ஒரு முடிவு எடுத்தார். படத்தோடு வரும் ஆங்கிலக் கதைச் சுருக்கத்தை நல்ல தமிழில் எழுதித் தட்டச்சு செய்து தருவார்கள், காசிம் அதை மட்டும் வாசிக்க வேண்டும், தாளில் இல்லாத ஒரு சொல் மைக்கில் வந்தாலும் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள்.

இது கடைக்கு எட்டியது. அம்மாவோடு நான் துணி எடுக்கப் போயிருந்தபோது யூசுப் பாய் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒன் மைக்குப் பேச்சக் கேட்டுதான் கடைக்கு நாலு பேரு வராங்க. அவங்களே ஒன்ன வேணாம்னுட்டா, அப்பறம் இங்க ஒனக்கு இன்னா வேல? ஆம்பூர்ல மாமாவோட தோல் மண்டிக்குப் போயிடு. சொல்லி வெச்சிருக்கேன்." காசிம் அண்ணன் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். வெளியே வரும்போது அம்மா மெதுவாக, "ஊரைவிட்டே அனுப்பிடுவாரா?" என்று கேட்டாள். "மைக்கு கீறவரைக்கும் அனுப்பமாட்டாருக்கா" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை திடலில் காலை வைக்க இடமில்லை. சைக்கிள்கள் நிறுத்தும் பக்கம் யூசுப் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசை நாற்காலியில் சடகோபன் சாரும் அவர் மனைவி ரங்கநாயகி மாமியும். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கிழவி திருந்திவிட்டாள். மாயப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பாடம் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கிவிட்டாள். இனி அவள் கோலைச் சுழற்றினால் கழுதை குதிரையாகும் என்றால் குதிரைதான் ஆகும். எந்த மந்திரமும் தப்பவில்லை. நான் பின்னாளில் மக்களிடம் மனு வாங்கும் அலுவலகத்தில் நடைமுறைகளோடே வாழ்ந்து ஓய்வு பெற்றவன். எல்லாம் முறைப்படி நடப்பது நிர்வாகத்துக்கு எவ்வளவு நல்லதோ சிரிப்புப் படத்துக்கு அவ்வளவு கெடுதல் என்பதை எட்டு வயதில் அந்த மணலில்தான் தெரிந்துகொண்டேன்.

போதாக்குறைக்கு அந்தத் தாள். "கிழவி தேர்ச்சி பெறுகிறாள்" என்று காசிம் அண்ணன் வாசித்தார். "கழுதை குதிரையாகிறது" என்று வாசித்தார். "அவ்ளோதானா?" என்று ஒரு பையன் அழுகிற குரலில் கேட்டான். வேர்க்கடலைத் தோல் நொறுங்கும் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. ஓரத்தில் இருந்தவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். யூசுப் பாய் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஆம்பூர் தெரிந்தது.

"மக்கள் பெருமகிழ்ச்சி அடைகின்றனர்" என்று வாசித்தார் காசிம் அண்ணன்.

"எந்த மக்களுபா?" என்று இருட்டிலிருந்து அஞ்சலையக்காவின் குரல் எழுந்தது. "நாங்க இங்க பேஜாராயி குந்திகினு கீறோம்!"

அன்று மாலை விழுந்த முதல் சிரிப்பு அது. காசிம் அண்ணனுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சடகோபன் சாரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பதிலை விழுங்கிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அரசாணை வாசிப்பவர் போன்ற முகத்தோடு அடுத்த வரியை எடுத்தார்: "ஆடாக இருந்த மன்னர் மீண்டும் மனித உருப் பெறுகிறார்." வாசித்துவிட்டு மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி சும்மா நின்றார்.

"அய்யய்யோ, நல்ல ஆட்டக் கெடுத்துட்டாங்களே!" என்றது ஒரு குரல்.

"ஆடா இருந்தப்போ ஒயுங்கா இருந்தாரு!" என்றது இன்னொன்று.

"மன்னர் நல்லாட்சி புரிகிறார்." மறுபடி மௌனம்.

"எந்த ஊர்லபா? இங்க கொயாய்ல தண்ணி வந்து மூணு நாளாவுது!"

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எந்த வரியை எவ்வளவு பவ்யமாக வாசித்தால் கூட்டம் அதன்மேல் பாயும், எங்கே நிறுத்தினால் யாருக்கு வாய் துறுதுறுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தாளில் இருந்த ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கலாம் என்று செயலாளர் சொல்லவில்லை. அந்த இடம் முழுவதையும் அவர் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். வாயே திறக்காத எங்கள் அப்பாகூடக் குதிரையைப் பார்த்து ஏதோ சொன்னார், அம்மா அவர் கையில் அடித்தாள். மேலதிகாரியின் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக்கொண்டே அதன் நோக்கத்தைத் தவிடுபொடியாக்கிய பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். இத்தனை அழகாக, இத்தனை பேருக்கு நன்மையாக ஒருவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

கடைசி ரீலில், "கிழவி தன் மிகப் பெரிய மந்திரத்தைச் செய்ய ஆயத்தமாகிறாள்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். அப்போது முன்வரிசையிலிருந்து ரங்கநாயகி மாமி, "ஏண்டியம்மா, இத்தனை படிச்சியே, எங்காத்து செக்ரெட்டரியைச் சிரிக்க வையேன், பார்க்கலாம்!" என்றார். திடலே சடகோபன் சார் பக்கம் எட்டிப் பார்த்தது. திரையில் கிழவி கோலைச் சுழற்றினாள். சடகோபன் சார் தொண்டையைச் செருமினார், துண்டால் வாயை மூடினார், தோள் ஒருமுறை குலுங்கியது, அப்புறம் நிற்கவே இல்லை.

படம் முடிந்ததும் நிர்வாகக் குழுவில் ஒருவர், "சார், இதை இப்படியே விட்டா..." என்று ஆரம்பித்தார். சடகோபன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாள்ல இல்லாத வார்த்தை ஏதாவது அவர் பேசினாரா?" என்று கேட்டார். "இல்ல சார்." "கூட்டம் பேசக் கூடாதுன்னு நாம போட்டிருந்தோமா?" "இல்ல சார்." "அப்போ அடுத்த மாசமும் அவர்தான். தாள் வேண்டாம், டைப் அடிக்கிற செலவு மிச்சம்."

யூசுப் பாய் மைக் மேசைக்கு வந்து நின்றார். தரையில் கிடந்த ஒயரைக் குனிந்து எடுத்தார். பிறகு, "ஆம்பூருக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். "இந்தா, ஒயரச் சுத்து. நானும் ஒரு கை பிடிக்கிறேன்." அதற்குப் பிறகு பல வருஷம் கடையிலும் காசிம் அண்ணன் பேச, யூசுப் பாய் துணி மடித்தார்.

திடல் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. நான் மேடவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ராஜா ராணிகளைக் கேலி செய்யும் பொம்மைப் படத் தொடர் ஒன்றின் நாலாவது பாகத்துக்குப் போனேன். குளிர்ந்த அரங்கம், நல்ல நாற்காலி, தெளிவான தமிழ்க் குரல்கள். படம் சுத்தமாக எடுபடவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வரிசை வரிசையாகச் செல்போன்கள் வெளிச்சம் போட்டன. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தாத்தா, படம் நல்லாவே இல்ல" என்றாள் பேத்தி, உரக்க. முன்னாலிருந்தவர் திரும்பி முறைத்தார்.

"வெளியே போய் போன்ல ஒரே ஒரு ஸ்டார் போட்டுடலாம்டா" என்று அவள் காதில் சொன்னேன்.

"போட்டா, இப்ப சிரிப்பு வருமா?"

எந்தக் குறையை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கே வழி சொன்னவன் நான். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு மேசை தெரியவில்லை.