மூன்று மணி சாம்பிள்

உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் கிருமிகளைக் கொல்லும் குளோரின் நீர் கிடைக்கும். கூடவே, அழையா விருந்தாளியாகக் குளோரேட்டும் வரும். குடிதண்ணீரில் அது அதிகமானால் உடம்புக்கு ஆகாது. மின்சாரம் பாயும் கலமான செல் சூடாகச் சூடாக அதன் அளவு ஏறும். அதைக் குறைப்பதுதான் திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் இரண்டு வருடமாக என் பிழைப்பு.

ஸ்ரீவராகத்திலிருந்து நான் போவேன், பாறசாலையிலிருந்து என் உதவியாளாக ஒரு சின்னப் பெண் வருவாள். செல் நன்றாகச் சூடேறியிருக்கும் மாலை மூன்று மணிக்குச் சாம்பிள் எடுத்து அளப்பது அவள் வேலை. கூடப்பிறக்காத தங்கை என்றே நினைத்திருந்தேன். என் டப்பாவில் பாதிப் புளியோதரை அவளுக்குத்தான். மின்முனையின் பூச்சை மாற்றிய பிறகு, அவள் எழுதிய மூன்று மணி அளவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சந்தேகப்பட்ட மேலதிகாரியிடம், அவள் எழுதினால் எழுதியதுதான் என்று சண்டையே போட்டேன். ஓர் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிக்கு எங்கள் செல்லை வைப்பதாக முடிவானது. அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

செல்லை ஏற்றிப் போக நான்கு நாள் இருக்கையில் அவள் லீவு. மூன்று மணிக்கு நானே சாம்பிள் எடுத்தேன். பூச்சு மாற்றுவதற்கு முன்பிருந்த அதே அளவு வந்தது. என் கைதான் சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் இரண்டு முறை அளந்தேன். மறுநாள் காலை, செல்லைப் போட்ட சற்று நேரத்தில், அது சூடேறும் முன்பே எடுத்துப் பார்த்தேன். அவள் நோட்டில் இருந்த எண் அப்படியே வந்தது. காலையிலேயே எடுத்துவிட்டு மூன்று மணி என்று எழுதியிருக்கிறாள், மாதக்கணக்காக.

அன்று தாமதமாகப் பத்து மணிக்கு வந்தவளிடம் நோட்டை நீட்டினேன்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

அவள் அழவில்லை. அதுவே எனக்கு எரிந்தது.

"ரீடிங் கூடினா அன்னைக்கு முழுக்க என்கிட்ட மிண்டமாட்டீங்க, ஒரு வார்த்தை பேசமாட்டீங்க, அக்கா. டப்பாவைக்கூடத் தனியா வச்சுத் தின்பீங்க. கொறஞ்சா மட்டுந்தான் நான் உங்க தங்கச்சி."

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு நியாயம் வேறு பேசுகிறாயா என்று கத்தினேன். அன்றே அறிக்கையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். மேலதிகாரி அதை வாங்கி, தேதி போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரிக்குச் செல் போகவில்லை. அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

பொய் எழுதியதைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். அதற்கு அவள் சொன்ன காரணத்தில் பொய்யே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.