சிசிலியா கேட்ட பாத்தி

சிசிலியாவுக்குப் பொறாமை அதிகம் என்பது டாலிகஞ்சில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. பக்கத்து வீட்டில் புது மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டால் இவள் தையல் மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள். தூத்துக்குடியில் ஜெரால்டைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து இருபத்தாறு வருஷம். பிளவுஸும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துப் பிழைப்பு. யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரையாவது பார்த்து வயிறு எரியாமல் இருந்ததும் இல்லை. மற்ற எரிச்சலெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சுகுணாவின் கீரைப் பாத்தி மட்டும் நான்கு வருஷமாக ஆறவில்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டம் அது. நாலா ஓரத்தில் சும்மா கிடந்த சரிவைத் திருத்தி, பன்னிரண்டு பாத்தி பிரித்து, சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். நாலா என்பது ஒரு காலத்தில் ஓடை. இப்போது தெருச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் சேர்ந்து ஓடும் கறுப்புத் தண்ணீர். சிசிலியாவுக்கு உச்சிப் பாத்தி விழுந்தது. கூரைத் தண்ணீர் சேரும் மழைத்தொட்டியும் அதோடு அவளுக்குத்தான். கீழ்க்கோடியில் நாலாவைத் தொட்டபடி கிடந்த பாத்தி சுகுணாவுக்கு. மற்றவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சுமந்தார்கள்.

சுகுணா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பெண். நாலாவில் வாளியை முக்கி ஊற்றுவாள். தண்டுக்கீரை இடுப்பளவு நிற்கும், பசலைக்கொடி வேலியைத் தாண்டும். சிசிலியா நல்ல தண்ணீர் ஊற்றியும் விரல் நீளத்துக்கு மேல் எழும்பாது. மெயின்லேண்ட் கப்பல் தாமதமாகி, மார்க்கெட்டில் வாடிய கீரைக்கே ஆனை விலை சொல்லும் நாளில் தெருவே சுகுணா வாசலில் நிற்கும். சிசிலியாவுக்கும் ஒரு கட்டு கேட்காமலே வந்துவிடும். அது இன்னும் எரியும். நாலாத் தண்ணீரை ஊற்றினால் கல்லில்கூடக் கீரை முளைக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மாசி மாதம் சுகுணாவின் மகள் திவ்யா மாயாபந்தரிலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம். அதற்கும் சிசிலியாவுக்கு எரிந்தது, அதை விடுங்கள்.

அந்த வாரம்தான் ஜெரால்ட் சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னான். அவன் ஸ்கூட்டர் மெக்கானிக். அவன் பட்டறைக்குப் பக்கத்தில் ஒருவன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிறான். கழுவிய தண்ணீரையெல்லாம் நாலாவில்தான் விடுகிறான். ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளையையே கெடுத்துவிடுமாம். கீரையை நன்றாகக் கழுவிவிட்டால் போகாதா என்று சிசிலியா கேட்டாள்.

"வேர் குடிச்சத எப்படிக் கழுவுவ?" என்றான் ஜெரால்ட்.

பொய் சொல்வானேன், அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. மறுநாள் காலை தோட்டத்தில் பத்துப் பேர் நிற்கையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். சிரிப்பை அடக்காமல் சொன்னாள், அங்கேதான் காரியம் கெட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பக்கத்துப் பாத்தி ருக்கு முணுமுணுக்க, எல்லோரும் சிரித்தார்கள். ஜெரால்டைக் கூட்டி வந்து சொல்ல வைத்தாள். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்த பாட்டு என்றார்கள். சிசிலியா, சுகுணாவின் பாத்தி மண்ணை அள்ளிப் போய் விவசாய ஆபீஸில் கொடுத்தாள். முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

சனிக்கிழமை சிசிலியா திவ்யாவின் நைட்டியைப் பிரித்துத் தைக்க அளவெடுக்கப் போனாள். திவ்யா கீரைக் கடையலில் சோறு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். பிள்ளைக்கு ரத்தம் ஊறும் என்று சுகுணா மூன்றாம் தடவையாக அள்ளி வைத்தாள். சிசிலியா அளவெடுக்காமலே டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள். ஊருக்குச் சொல்லியே ஆகவேண்டிய உண்மை ஒன்று கையில் கிடைத்தும், இந்தப் பாழாய்ப்போன வயிற்றெரிச்சல் அதை யாரையும் நம்பவிடாமல் செய்துவிட்டதே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பூசை முடிந்து நேரே தோட்டத்துக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் சுகுணாவைக் கூப்பிட்டாள்.

"ஏ சுகுணா, ஒம் பாத்தியப் பாத்து நாலு வருசமா எனக்கு வயித்தெரிச்சல். எனக்கு அது வேணும், நிக்கிற கீரையோட. எம் பாத்தியையும் தொட்டியையும் நீ எடுத்துக்க."

நாலா விஷம் என்றபோது நம்பாத அத்தனை பேரும் இதை உடனே நம்பினார்கள். சுகுணாவும் சிரித்துவிட்டாள்.

"இத மொதல்லயே நேரா கேட்டிருக்கலாமேக்கா. எதுக்கு இந்த பஹானா, சாக்குப்போக்கு எல்லாம்?"

நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது என்று சிசிலியா தலையைக் குனிந்துகொண்டாள். கோடையில் தொட்டித் தண்ணீர் கிடைக்கிறது, இவள் கண்ணும் ஒழிகிறது என்று சுகுணா சம்மதித்தாள். அன்றே சிசிலியா இடுப்பளவுக் கீரையை வேரோடு பிடுங்கி, மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். அங்கே கனகாம்பரம் நட்டாள். வைக்கோற்போரில் படுத்த நாய் என்று தெரு பேசியது. பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

சித்திரைக் கடைசியில் திவ்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அதே வாரம் ஆபீஸ் காகிதமும் வந்தது. கீழ்ப் பாத்தி மண்ணில் ஈயம் மிக அதிகம், தின்கிற எதையும் அங்கே போடக்கூடாது என்று எழுதியிருந்தது.

காகிதத்தைப் படித்த கையோடு சுகுணா ஓடி வந்தாள். சிசிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒங்களப் போயி தப்பா நெனச்சிட்டேனேக்கா என்று ஏதேதோ சொன்னாள். சிசிலியாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. சுகுணா கொண்டுவந்திருந்த கீரைக் கட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிப் பாத்திக் கீரை. தண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். நான்கு வருஷம் இவளுக்கு விரல் நீளம் தாண்டாத அதே செம்மண், அதே தொட்டித் தண்ணீர்.

"என்னட்டி உரம் போட்ட?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே போடலக்கா. தெனமும் போயி கிட்ட ஒக்காந்து பாப்பேன். பூச்சி இருந்தா எடுப்பேன். அவ்வளவுதான்."

சிசிலியாவும் நான்கு வருஷம் தினமும் தோட்டத்துக்குப் போனவள்தான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போய் நின்று பார்த்ததெல்லாம் சுகுணாவின் பாத்தியை.