தண்ணீர் ஊற்றும் மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவரின் வெள்ளைச் சட்டையில், வயிற்றுப் பக்கம், பொடிப்பொடியாக ஓட்டைகள் இருந்தன. நல்ல சட்டைதான், சலவை மடிப்புக்கூடக் கலையவில்லை. என் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க தம்பி, சட்டைல என்னுங்க, கரையான் அரிச்சாப்பல?"

"ஆசிட்டுங்க," என்றார் அவர். ஏதோ விட்டுப்போனது போல யோசித்துவிட்டு, "ஒடனே கழுவோணுமுங்க. கழுவாம உட்டா எதையும் தின்னுருமுங்க," என்றும் சொன்னார்.

அதற்கு முன் வந்து போனவர்களிடம் எதைக் கேட்டாலும் அவர்களுடைய தென்னந்தோப்பில் போய்த்தான் முடிந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதெல்லாம் ஒரு காரணமா என்று பிற்காலத்தில் என் மகள் கேட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் பொள்ளாச்சி ரோட்டில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். லாரி, டிராக்டர், மைக் செட் என்று எல்லாப் பேட்டரியும் அங்கேதான் வந்தன. தொழிலைப் பற்றி அப்பா விசாரித்தபோது மனிதர் உற்சாகமாகிவிட்டார். பிளேட் என்றார், கிராவிட்டி என்றார். "ஆறு செல்லுல ஒண்ணு செத்துப்போச்சுன்னாப் போதுமுங்க, மத்த அஞ்சும் இருந்தும் பிரயோசனமில்லீங்க," என்றார். நல்ல காரியம் பேசும் இடத்தில் சாவுப் பேச்சு வந்ததும் அம்மா சாமி விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல வேளை, அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம்.

அப்பாவுக்கு மீனாட்சிபுரத்துப் பால் சொசைட்டியில் பாலைப் பரிசோதிக்கும் வேலை. விடிந்ததும் லாக்டோமீட்டரும் கையுமாக நிற்பார். கண்ணாடிக் குழாயாகிய அந்த மீட்டர் நல்ல பாலில் அளவோடு மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் முங்கிப்போகும். உலகத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், ஊற்றாதவர்கள் என்று இரண்டே ஜாதி என்பது அவர் முடிவு. கொலை செய்தவனிடம்கூட என்ன காரணம் என்று கேட்பார். பாலில் தண்ணீர் ஊற்றியவனிடம் அதையும் கேட்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் பொள்ளாச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், முன்னறிவிப்பில்லாமல் அந்தக் கடைக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து வேவு பார்த்தார். பார்த்ததை வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் அம்மாவிடம் சொன்னார்.

"பட்டப்பகல்ல புள்ளே! ஆறு மூடியவும் தொறந்து ஆறுலயும் தண்ணி ஊத்தறான். கேன்ல வெச்சு ஊத்தறான். லாரிக்காரன் பக்கத்துல பல்லைக் காட்டிட்டு நிக்கறான்."

"பேட்டரிக்கு ஊத்துவாங்களாட்ட இருக்குதுங்க," என்றாள் அம்மா.

"பாலுக்குந்தான் ஊத்துவாங்க," என்றார் அப்பா.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பாவுக்குச் சோறு போடும்போது, ரசக் கரண்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"ஏனுங்கப்பா, மீட்டர் போட்டுப் பாக்காம நீங்க யாரு பாலையும் தள்ளமாட்டீங்கல்ல?"

அவர் இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை. மறுநாள் சொசைட்டி வேலை முடிந்ததும் லாக்டோமீட்டரையும் பால் ஊற்றிப் பார்க்கும் ஜாடியையும் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே நடந்தது என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா சாகும்வரை வாய் திறக்கவில்லை.

போனதும், சார்ஜ் ஏறி முடிந்த பேட்டரி ஒன்றைக் காட்டி, அதில் இருப்பதை ஜாடியில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவரும் ரப்பர் குமிழ் வைத்த குழாயால் ஆசிட்டை உறிஞ்சி உறிஞ்சி ஜாடியை நிரப்பினார். நிரப்பிவிட்டு ஆசிட்டின் கிராவிட்டியை, அதாவது அடர்த்தியைப் பார்க்கும் தன்னுடைய மீட்டரை எடுக்கப் போனார்.

"அது உங்க மீட்டருங்க. நம்முளுது இருக்குது," என்று அப்பா லாக்டோமீட்டரை உள்ளே விட்டார்.

அது எம்பிக் குதித்துவிட்டது. அளவுக் கோடுகள் மொத்தமும் வெளியே வந்து, அடிக் குமிழும் பாதி தெரிய, ஜாடியின் சுவரில் சாய்ந்து நின்றது. நாள் தவறாமல் மீட்டர் முங்குவதையே பார்த்துப் பழகியவர் அப்பா. குனிந்து ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆனால் அவர் அப்பா அல்லவா? பாலில் மீட்டர் அளவுக்கு மேல் நின்றால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க நாக்கு இருக்கிறது. விரலை ஜாடிக்குள் விட்டு எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

இவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். அப்பா இழுத்தார், இவர் விடவில்லை, இழுபறியில் ஜாடி தளும்பியது. அப்படியே கையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, "ஏனுங்க மாமா, நாக்கு வெந்து போறதுக்கா வந்தீங்க?" என்று கத்திவிட்டார். மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விளக்கினாராம். வெயிலில் காய்ந்து போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும், அதனால் காய்ந்து போனதைத்தான் திரும்ப ஊற்றுகிறோம். சார்ஜ் இறங்கினால் ஆசிட் பிளேட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், சார்ஜ் போட்டால் வெளியே வரும் என்றெல்லாம். தான் விளக்கிச் சொன்னதால்தான் அப்பா சம்மதித்தார் என்பது இவருடைய நம்பிக்கை. அப்பா அதில் ஒரு வார்த்தையாவது காதில் வாங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உனக்குச் சம்மதந்தானா?"

எத்தனையோ நாளாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் சட்டையில் வயிற்றுப் பக்கம் தெறித்திருந்த ஈரத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்கப்பா. கழுவாம உட்டா தின்னுருமுங்க."

அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "தரகரை வரச் சொல்லீரு," என்றார்.

கிணற்றடியில் சட்டைக்குச் சோப்புப் போடும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். தேய்த்து என்ன பயன், நேரமாகிவிட்டிருந்தது. காயவைத்து எடுத்தபோது பொடிப்பொடியாக ஓட்டைகள்.

கல்யாணத்தன்று அம்மா வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை அப்பா தொடவில்லை. அந்த ஓட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சட்டைக்கு என்ன ஆயிற்று என்று வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், "ஆசிட்டுங்க," என்றார்.