ஐந்தாவது கையெழுத்து

நான் நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்னேன். இன்று கூப்பிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

என் குற்றம் அது இல்லை. அதற்குப் பிறகு, வெளியே வந்து ஒன்று சொன்னேன்... அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் குடியிருக்கும் லயக் காம்பிரா தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். யாருக்கும் எழுதி வைக்க முடியாது. பாக்கியம் அக்காவுக்கு அக்கரப்பத்தனை ரோட்டோரம் சொந்தத் தகர வீடு இருந்தது. புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. தாயும் தகப்பனும் இல்லாத தன் தம்பி மகன் மனோவை வளர்த்தார். அவன் கொழும்புக் கடை வேலைக்குப் போனவன், எட்டிப் பார்க்கவில்லை. ஏழு வருஷம் அக்காவைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் செல்வி. சொந்தமில்லை, போக இடமில்லாமல் வந்தவள். உயில் இல்லாமல் அக்கா செத்தால் வீடு மனோவுக்கு. சட்டம் அப்படி.

அக்கா சாகக் கிடந்தார். வீட்டைச் செல்விக்கு எழுதச் சொன்னார். மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது; உயில் எழுதும் நொத்தாரிசு வர வழியில்லை. அப்படியென்றால் ஐந்து சாட்சி வேண்டும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார், சாவுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்தின் செயலாளர். உயிலை எழுதியதும் அவர்தான். ஐந்தாவது ஆள் நான்.

அன்று எனக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலை. அரை நாள் கேட்டேன். கங்காணி சிரித்தார்.

"ஒம் பேர எழுத ஒனக்கு அரை நாளா? மத்தியானம் கத்திய வச்சிட்டுப் போடா!"

போனேன். அக்கா முகத்தில் துணி போட்டிருந்தது.

உயிலில் அவர் காலையிலேயே கைநாட்டு வைத்துவிட்டார். நாலு பேர் கையெழுத்தும் இருந்தது. என் இடம் மட்டும் காலி.

"போடுங்கண்ணே," என்றார் செயலாளர். "இல்லன்னா கருமாதிக்கு முன்னயே செல்வி ரோட்டுல நிப்பா."

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன்.

உயில் செல்லாது என்று மனோ வழக்காடினான். நீதிபதி சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்: "அந்த அம்மா கைநாட்டு வைக்கிறப்ப அஞ்சு பேரும் ஒண்ணா நின்னீங்களா?"

"நின்னோம் ஐயா."

வீடு செல்விக்கு என்று தீர்ந்தது. தப்பா? உழைத்தவளுக்குத்தானே போனது! அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே மனோ என்னிடம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன்.

"வீடு போவட்டும் மாமா. நீங்க கடைசியா பக்கத்துல நின்னீங்கல்ல... அத்தை என்னயக் கேட்டாங்களா?"

எனக்கு என்ன தெரியும்? நான் மலையில் செடி வெட்டிக்கொண்டு நின்றேன்! தெரியாது என்றால், நின்றவனுக்கு ஏன் தெரியாது என்பான். கேட்டார் என்றால், என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று தோண்டுவான்.

"கேக்கலப்பா," என்றேன்.

தலையை ஆட்டினான். "கேக்க மாட்டாங்கதான்," என்றான். பஸ் ஏறிப் போய்விட்டான்.

அக்கா கேட்டாரா, இல்லையா? செல்விக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும்... கேட்டார் என்று அவள் சொல்லிவிட்டால்? மனோ முன்னால் போய், கேட்கவில்லை என்றது பொய், நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டும். வீடு போகும்.

விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன்.

போன தீபாவளிக்குச் செல்வி பலகாரம் தந்தாள். "ஒக்காருங்கண்ணே, அக்காவப் பத்திப் பேச ஆளே இல்ல," என்றாள். வேலை கிடக்கிறது என்று சொல்லி, நின்றபடியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.