தொட்டித் தம்பியின் கோபம்

தோள்வரை கையை நனைத்துக்கொண்டு, மீன் தொட்டியின் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டியபடி பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். மீன்கள் அவன் விரல்களுக்கிடையே புகுந்து புகுந்து போகின்றன. இந்த நேரத்தில் “தம்பி” என்று கூப்பிட்டால் அவன் காதில் விழாது. இரண்டு தடவை கத்தினால் “ம்ம்...?” என்று எங்கிருந்தோ திரும்பி வருவான்.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். உள்ளே பல் குடையும் சத்தம் கேட்டு வெளியே இருப்பவர்கள் வெலவெலத்துப் போகக்கூடாதென்று டாக்டர் இந்த மீன் தொட்டியை வாங்கி வைத்தார். மதிய வெயில் தண்ணீருக்குள் இறங்கினால் சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் அசையும். வீங்கிய கன்னத்தோடு வந்தவர்கள்கூட வலியை மறந்து அரைக்கண் மூடிக் கிடப்பார்கள். நானும் சொக்கிப்போவேன், பொய் சொல்வானேன்! அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாராவாரம் வருகிறவன்தான் எங்கள் தொட்டித் தம்பி. வயது இருபத்து நாலு.

தண்ணீரை மொத்தமாக மாற்ற மாட்டான். கொஞ்சம் எடுப்பான், கொஞ்சம் விடுவான். விடுகிற தண்ணீரையும் முந்தின நாளே பிடித்து வைத்திருக்க வேண்டும். “அது அழுக்கு இல்லக்கா. அதுங்களுக்கு அதான் வீடு. பளிச்சுனு கழுவினா செத்துப்போயிடும்” என்பான். தண்ணீர் பிடிக்க நான் மறந்துபோன நாளில் வேறு யாராயிருந்தாலும் கத்தியிருப்பார்கள். இவன் “பரவால்லக்கா, நாளைக்கு வரேன்” என்று சிரித்தான். வழியில் வாளி இருக்கிறதென்று ஒரு ஆசாமி எரிந்து விழுந்தபோதும் அதே சிரிப்பு. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்குச் சூடு சொரணையே கிடையாதாடா?”

“கோவப்பட்டா விட்டுட்டுப் போயிடுவாங்கக்கா” என்றான், கையைத் துடைத்துக்கொண்டே.

அவனுடைய சின்ன வயதிலேயே அப்பா காலமாகிவிட்டார். அவனுக்கு ஐந்து வயதானபோது அம்மா வெளிநாட்டில் யாரோ வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அழுது ரகளை பண்ணுவானென்று சித்தி அவனை ஐஸ்கிரீம் வாங்கித்தரக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து பார்த்தால் அம்மா இல்லை. அன்று காலை தலை வாரும்போது அவன் அம்மாவிடம் சண்டை போட்டிருந்தான். அதனால்தான் போய்விட்டாள் என்று அந்தப் பிஞ்சு மனசு முடிவுகட்டிக்கொண்டது. அதன்பிறகு சித்தி வீட்டில்தான் வளர்ந்தான். பொம்மை வந்தது, சட்டை வந்தது, போனில் குரல் வந்தது. ஆள் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போனார்.

இன்றைக்கும் யாராவது போனை எடுக்காவிட்டால் இவனுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். ஒரு பெண் இவனை விரும்பினாள். எப்படியும் போகத்தானே போகிறாள் என்று இவனே முந்திக்கொண்டு விலகிவிட்டான், கிறுக்கன்! தூக்கம் வராத ராத்திரிகளில் தன் வீட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பானாம். “மீன் கண்ண மூடாதுக்கா. நம்மகூட முழிச்சிருக்கற மாதிரி இருக்கும்.” மனநல மருத்துவரிடம் போகிறான், அதை ஒளிப்பதுமில்லை. “பல்லுக்கு உங்க டாக்டர், இதுக்கு அந்த டாக்டர். அவ்ளோதான?”

இந்த வருடம் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். “எப்படிடா போகுது?” என்று கேட்டால், “நல்லா கவனிச்சுக்கறாங்கக்கா” என்பான், ஏதோ விடுதிக்காரியைச் சொல்வதுபோல. அம்மா எது சமைத்தாலும் நன்றாயிருக்கிறது, எதைக் கேட்டாலும் சரி. அந்தம்மா ஒருநாள் மருத்துவமனை எண்ணுக்கே போன் செய்து, “சிரிக்கிறான்மா, ஆனா ஒட்ட மாட்டேங்கறான். எம்மேல என்ன கோவம்னு சொன்னாத்தானே தெரியும்?” என்று என்னிடம் அழுதார்.

போன வாரம் வந்தது வினை. மகனைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, அந்தம்மா அவன் வீட்டுத் தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை ரொப்பி வைத்துவிட்டார். ஊரார் வீட்டையெல்லாம் பளபளவென்று வைத்திருந்த கை அது. சாயங்காலம் அவன் வந்தபோது மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. “பரவால்லம்மா” என்று அப்போதும் சிரித்திருக்கிறான், பாவி.

மறுநாள் இங்கே பாசியே இல்லாத இடத்தையும் சுரண்டிக்கொண்டிருந்தான். “கோவம் தொண்டை வரைக்கும் வந்து நிக்குதுக்கா. வெளிய விட்டா அவங்க கிளம்பிடுவாங்க” என்றான். சொல்லி வாயை மூடவில்லை, கதவு திறந்தது. அவன் அம்மா, கையில் சக்கரம் வைத்த பெட்டியோடு நின்றார்.

“நான் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்ப்பா. என்னால உனக்குத் தொந்தரவுதான்.”

வழக்கம்போல் “சரிம்மா” என்று சொல்லித் தொலைத்துவிடப் போகிறானே!

தொட்டியிலிருந்து கையை உருவினான். “மீனையெல்லாம் கொன்னுட்டு இப்ப பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல!”

அறையே அதிர்ந்தது. உள்ளே பல் குடையும் சத்தம்கூட நின்றுபோனது. காத்திருந்தவர்கள் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

அந்தம்மா பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. “கேக்கலதான்” என்றார். “திட்டு. இன்னும் திட்டு.”

அவன் திட்டவில்லை. தோளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கித் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.