ஊருணியில் குளித்தவர்கள்

எங்கள் ஊரைப் பார்க்கவென்று யாரும் வந்ததில்லை. திருச்சுழிப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? வானம் பார்த்த பருத்தி, கருவேலங்காடு, கரிமூட்டம் போடுகிற புகை. ராமேஸ்வரத்தில் கடலாடிவிட்டுக் குற்றாலத்துக்கு அருவியாடப் போகிற டூரிஸ்ட் பஸ்கள் எங்கள் ஊர் வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போகும். ஜன்னலோரத் தலைகள் தூங்கி வழிந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவே ஒரு குடம் தண்ணீருக்கு அலைகிற ஊர் ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எண்பதுகளின் கடைசியில் அப்படி ஒரு பஸ்ஸின் டிரைவர் அப்பாவின் கடையில் நிறுத்தி டீ குடித்தார். ஊருணிக் கரையை ஒட்டி அப்பாவுக்கு டீக்கடையும் பலசரக்குக் கடையும் கலந்தாற்போல ஒரு கடை இருந்தது. டீ அருமை என்று அந்த டிரைவர் மற்ற டிரைவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க ஆரம்பித்தன. அப்பாவின் கைமணம் அதில் ஒன்றுமில்லை, தண்ணீர் அப்படி. எங்கள் பக்கம் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் உப்புதான். மழைத் தண்ணீர் நிற்கிற ஊருணி ஒன்றுதான் குடிப்பதற்கு.

அந்த ஊருணியில் ஊர்க்காரர்கள் யாரும் காலை நனைப்பதில்லை. செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டு, நனையாத கடைசிப் படியில் நின்று குனிந்து குடத்தை அமுக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் வற்றி அடுத்த படி காய்ந்தால்தான் நாமும் ஒரு படி இறங்கலாம். குளிக்கவும் துவைக்கவும் கண்மாய்க்கோ பம்புசெட்டுக்கோ போவோம். சின்ன வயதில் நான் ஒருமுறை வழுக்கி முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டேன். அம்மா என்னை வெளியே இழுப்பதற்கு முன்னால் முதுகில் ஒன்று வைத்தாள். ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் ஆடுகளுக்கே தெரியும் என்று பெருமையாகச் சொல்வாள். அது கொஞ்சம் அதிகப்படி.

கடல் உப்பு உடம்பில் அரிக்க அரிக்க வந்து இறங்குகிறவர்களுக்கு நல்ல தண்ணீரைப் பார்த்ததும் என்ன தோன்றும்? நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். முதலில் முகம் கழுவினார்கள். பிறகு காலை விட்டார்கள். பிறகு சோப்போடு இறங்கிவிட்டார்கள். "ஐயா, குடிக்கிற தண்ணிய்யா!" என்று தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் கத்தினால், வடக்கேயிருந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். எங்கள் பாஷை அவர்களுக்குப் புரியவில்லை, பெண்கள் கும்பிட்டுக் கெஞ்சியதுகூட அவர்களுக்கு வரவேற்பாகத்தான் பட்டது. இதற்குள் அப்பாவின் கடை வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கத் தொடங்கியிருந்தன.

"சோப்பையும் வித்துக்கிட்டு, குளிக்காதேன்னா எவன் கேப்பான்?" என்றாள் அம்மா.

"நான் விக்கலைன்னா ராமநாதபுரத்துலயே வாங்கிக்கிட்டு வருவாக. பஸ்ஸு நிக்கிறதாலதான் கடை ஓடுது. பிள்ளைக்கு ஒரு நல்லது செய்ய வேண்டாமா?"

அந்தப் பிள்ளை நான்தான். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்; மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் என் கல்யாணமே வந்து நிற்பதாக அப்பா நினைத்தார். எனக்கும் பஸ் சத்தம் கேட்டால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிடம் குடத்தை எடுத்துக்கொண்டு போய் சோப்பு நுரையை விலக்கித் தண்ணீர் எடுக்கும்போது அந்த பஸ்ஸைக் கொளுத்தினால் என்ன என்று தோன்றும். ஊர் முழுக்க இதே கதைதான். பஸ்ஸுக்கு வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் விற்கிற புருஷனை, தண்ணீர் சுமக்கிற பெண்டாட்டி வாசலில் நின்று ஏசுவாள்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே முள்வேலி கட்டிப் பார்த்தாயிற்று. கிளீனர்கள் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வழிவிட்டார்கள். போர்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தமிழே தெரியாதவர்களுக்கு போர்டு எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். பஸ்ஸையே நிற்கவிடக் கூடாது என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அப்பா எழுந்தார்.

"அவுக நிக்கட்டும், டீ குடிக்கட்டும். தண்ணியில எறங்கக் கூடாது, அவ்வளவுதானே? படிக்கட்டுப் பக்கத்துல ஒரு கல்லை நட்டு, மஞ்சக் குங்குமம் வச்சு, சூலத்தை ஊனிருவோம். சாமி இருக்கிற தண்ணியில எவன் காலை வைப்பான்?"

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது. சாமி இருக்கிற இடத்தில் ஒதுங்கி நின்று கும்பிடுவதுதான் நாங்கள் அறிந்தது. வெள்ளிக்கிழமை கல்லை நட்டுப் பொங்கல் வைத்தோம். அம்மாகூட அப்பாவை மெச்சுகிற மாதிரிப் பார்த்தாள்.

மறுநாள் வந்த பஸ்ஸிலிருந்து வயதான ஓர் அம்மாள் இறங்கினாள். சூலத்தைக் கண்டதும் கைகூப்பினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கடையிலிருந்து பார்த்த அப்பா, "பாத்தியா?" என்று என் தோளைத் தட்டினார். அந்த அம்மாள் விறுவிறுவென்று படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். பின்னாலேயே பஸ் மொத்தமும் இறங்கியது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

சாமி இருக்கிற தண்ணீர் என்றால் முங்கி எழ வேண்டும் என்பது அவர்களுடைய பக்தி. ராமேஸ்வரத்தில் கிணறு கிணறாகக் குளித்துவிட்டு வருகிறவர்களிடம் போய்ச் சூலத்தைக் காட்டியிருக்கிறோம்! அதன்பிறகு நிற்காமல் போன பஸ்களும் நின்றன. ராமர் கடலுக்குப் போகும் வழியில் இங்கே தாகம் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு கைடு கதை கட்டினான். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பூவும் பழைய துணியும் தண்ணீரில் மிதந்தன. நட்ட கல்லைப் பிடுங்கிவிடலாம் என்றால், சாமிக் கல்லைப் பிடுங்க யாருக்குத் தைரியம்?

அடுத்த இரண்டு வருஷமும் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் அடிப்படிகளுக்கு இறங்கியது. அம்மா சேலைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்துக் கொடுத்தாள். அப்படியும் தொண்டைக்குள் சோப்பு வாடை அடித்தது. வண்டிவைத்துத் தண்ணீர் கொண்டுவர எங்களுக்கு ஏது வசதி?

ஒருநாள் உச்சிவேளையில் நானும் அம்மாவும் தண்ணீருக்குப் போனோம். இரண்டு பஸ் ஜனம் ஊருணிக்குள் நின்றது. அம்மா குடத்தோடு நனையாத படியில் நின்று, அவர்கள் கரையேறட்டும் என்று காத்திருந்தாள். தண்ணீருக்குள் நின்ற ஒரு பெண், அம்மாவின் வயதுதான் இருக்கும், நல்ல முகம். அம்மா இறங்கத் தயங்குகிறாள் என்று நினைத்துவிட்டாள் போல. ஒதுங்கி இடம்விட்டு, வா வா என்பதுபோலக் கைநீட்டிச் சிரித்தாள். எங்கள் ஊருணிக்குள் அம்மாவை அவள் அழைத்தாள்.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தைப் படியில் வைத்துவிட்டு, சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். "அம்மா!" என்று நான் கத்தியது கடைவரை கேட்டிருக்கிறது. அப்பா ஓடிவந்தார். ஓடிவந்தவர் நனையாத படியில் நின்றுவிட்டார். அம்மா முங்கி எழுந்தாள். அந்தப் பெண் சந்தோஷமாக அவள் தலையில் தண்ணீரை அள்ளி விட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? மேல வா!" என்றார் அப்பா.

அம்மா முகத்தை வழித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எல்லாரும் எறங்கியாச்சு. இன்னும் யாருக்குன்னு நான் மட்டும் காலை வெளிய வச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீக?"

அப்பா கடைப் பக்கம் திரும்பினார். கடையில் டீக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மா ஈரச் சேலையோடு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலமே எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் அழுக்குத்துணி மூட்டையோடு ஊருணிக்குள் இறங்கினார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை.