திருப்பி அனுப்பப்பட்ட ஃபுவாடினோ

மாவு ஒட்டிய கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, ஃபுவாடினோ திரும்பி வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறாள். “பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் குடும்பத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்” என்று தொடங்கி விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு தட்டு பன் வெந்துவிடும். அந்தப் பதிலும் போன வேகத்தில் திரும்பி வருகிறது.

“யாருடா இந்த ஆளு? ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரத்துலகூட வேலை பாக்கறான். கர்த்தர்மேல பயமே இல்லையா?”

எங்கள் தீவில், ஆப்பியா பேருந்து நிலையத்தில் தேங்காய்ப்பால் பன் விற்பவள் இவள். பக்கத்துக் கடையில் நான் செல்பேசி பழுது பார்க்கிறேன். அது ஆள் இல்லை, தானாக வரும் பதில் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று. “தானா வர்றது எதுக்குடா வருந்துகிறோம்னு சொல்லுது?” என்கிறாள்.

ஆக்லாந்தில் இருக்கும் மகள் சியெனி, ‘குழந்தைகள் ஞாயிறு’ திருவிழாவுக்கு ஊருக்கு வரவில்லை. தொலைபேசியில் ஃபுவாடினோ வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மகளுக்கு அனுப்பும் மின்னஞ்சலெல்லாம் திரும்புகிறது. சீராகக் கொடுத்த பாயைத் திருப்பி அனுப்பினால் உறவே வேண்டாம் என்று பொருள் கொள்ளும் ஊர் எங்களுடையது. ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டு, மகள் தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்றே முடிவுகட்டிவிட்டாள். வியாபாரத்திலும் மனமில்லை.

“கீழ படி அக்கா. அவ பெட்டி ரொம்பிடுச்சுன்னு போட்டிருக்கு.”

“கண்ணுக்கே தெரியாத கடுதாசிக்கு என்னடா பெட்டி? எனக்காக மழுப்பாதே.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே சியெனியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா எழுதறதையே விட்டுட்டாங்க மாமா. இன்னும் கோவம் தீரலபோல.” பெட்டி நிரம்பிய விஷயத்தைச் சொன்னேன். அந்த மின்னஞ்சல் முகவரியை அம்மாவுக்காகவே வைத்திருக்கிறாளாம். வாராவாரம் போன பாட்டுக்குழு வீடியோ, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுப் படங்கள், ஒருநாள் கருகிப்போன பன்னின் படம்கூட அப்படியே இருக்கின்றனவாம். “அம்மா அனுப்பினத எப்படி அழிக்கிறது?”

ஃபுவாடினோ என்னைப் பார்த்து விழித்தாள். “அப்ப நான் அனுப்பினதுதான் நான் அனுப்பறத உள்ள விடலையா?”

“ஆமாக்கா.”

“இது என்னடா கூத்து?”

சிலவற்றைச் சியெனி அழித்தால் இடம் கிடைக்கும், எவை என்று நீயே சொல் என்றேன். தன் செல்பேசியில் அனுப்பியவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கருகிய பன் வந்தது. “சொல்லும்மா, எது?” என்றாள் சியெனி. ஃபுவாடினோ அதைக் காட்டப் போனாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு, யாரும் அழித்துவிடாதபடி திரையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.